பன்னிரண்டு நாவல்களின் நிழல்

மணக்காட்டு உப்பளத்தில் நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மரம் வைத்தால் உப்புத் தண்ணீர் தின்றுவிடும், கொட்டகை போட்டால் கடல்காற்று தூக்கிக்கொண்டு போய்விடும், வானத்தில் ஒரு மேகம் தலைகாட்டினாலோ உப்பு கரைந்துவிடுமே என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார். ஆகவே தூத்துக்குடிக்குத் தெற்கே கடலும் கரையும் இன்னும் பாகம் பிரித்து முடிக்காத அந்தப் பொட்டலில் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் வரப்பும் உப்பு அம்பாரமும்தான், மேலே ஒரு சூரியன், கீழே பாத்திக்கொன்றாக ஆயிரம் சூரியன். அந்த இடத்தில்தான் கத்திரி பிறந்த நாலாம் நாள், பதினொரு மணிக் கஞ்சி நேரத்தில், தங்கபுஷ்பம் ஒரு நாவலை விரித்து வாசிக்கத் தொடங்கியபோது நிழல் விழுந்தது.

அந்த நாவல் வந்த வழி இது. ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொண்ட பொன்னுலிங்கம், கோடையில் நூலகத்துக்குள் ஈயும் வராததைக் கண்டு மனம் நொந்து, வாசலோரம் ஒரு மேசையைப் போட்டு அதில் பன்னிரண்டு நாவல்களை அடுக்கி, ‘கோடையில் படிக்கச் சுவையான நாவல்கள்’ என்று அட்டையில் சிவப்பு மையால் எழுதி வைத்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாமல் தன்னை உட்கார வைத்த புத்தகங்கள் எவையோ அவை மட்டும் பதினொன்று; பன்னிரண்டாவது, பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் வற்புறுத்தலுக்காக வைத்த ஒழுக்கத்தைப் பற்றிய நாவல். மலை பங்களாவில் நடந்த கொலை ஒன்று, ஒரே மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதிய இரண்டு சகோதரிகளின் கதை ஒன்று, ஏழு குதிரைகளோடு நாடு கடந்த ஒற்றனின் கதை ஒன்று என்று இருந்த மேசையில் தங்கபுஷ்பம் எடுத்தது அட்டை கிழிந்துபோய்ப் பெயரே தெரியாத ஒரு தடித்த நாவலை. நாற்பது அண்டாவோடும் பதினாறு கரண்டியோடும் புறப்பட்ட ஒரு சமையற்காரன் தப்பான கல்யாண வீட்டில் போய் இறங்கிவிடுவதும், அந்த வீட்டார் அவனையே பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்துக் காலில் விழுவதும், அவனும் வேறு வழியில்லாமல் ஆசீர்வாதம் பண்ணிவிடுவதுமாக ஆரம்பிக்கிற கதை அது.

தங்கபுஷ்பத்துக்கு நாற்பத்திரண்டு வயது. எட்டாவது வரை படித்தவள், இருபத்தைந்து வருஷமாக உப்பு வாருகிறவள், அச்சடித்த எதையும் விடாதவள். முந்தின நாள் சாயங்காலம் வாசித்ததை நினைத்துக்கொண்டு பாத்திக்குள் நின்று அவள் தனியே சிரித்ததைப் பக்கத்துப் பாத்தியில் நின்ற மரியசெல்வம் பார்த்துவிட்டாள். அம்பது வயசு தாண்டிய மரியசெல்வத்துக்கு ஒருவர் தனியாகச் சிரிப்பது பொறுக்காது.

“ஏட்டி புஷ்பம், என்னத்த நெனச்சுச் சிரிக்கே? சொன்னா நாங்களும் சிரிப்போம்லா.”

“கதைப் புத்தகம் மைனி. நாளைக்குக் கொண்டாந்து வாசிச்சுக் காட்டுதேன்.”

மறுநாள் கொண்டுவந்தாள். அம்பாரம் குவிக்கிற மேட்டில் பதினோரு பெண்களும் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டு உட்கார, அவள் புத்தகத்தை விரித்தாள். விரித்ததும் எழுத்தெல்லாம் வெள்ளையாகப் போய்விட்டது. பக்கமும் வெள்ளை, உப்பும் வெள்ளை, வானமும் வெள்ளை. கொஞ்ச காலமாகவே அப்படித்தான். கண்ணின் மூக்கோரத்திலிருந்து ஏதோ ஒன்று சவ்வு மாதிரி வளர்ந்து கறுப்பு முழியின்மேல் ஏறிக்கொண்டிருந்தது, பொழுது சாய்ந்தால் பார்வை தெளியும், வெயில் ஏறினால் மங்கும். கண் சரியில்லாதவள் கையில் வாருபலகையைக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை, லாரிக்கு உப்பு ஏற்றப் போகிற புருஷன் தவசிமுத்துவிடம்கூட. இப்போது பதினோரு முகங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்குக் கதை வரிக்கு வரி மனசில் இருந்தது. ஆகவே புத்தகத்தைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டு, மனசில் இருந்ததைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள், சமையற்காரன் அண்டாக்களை இறக்கினான், தாய்மாமன் ஆனான், சீர் கேட்டார்கள், முழித்தான். அவன் முழித்த இடத்தில் மேட்டின்மேல் நிழல் விழுந்தது.

நல்ல கெட்டி நிழல். ஓரம் கத்தரித்தது போல இருந்தது, உள்ளே கை நீட்டினால் குளிர்ச்சி தெரிந்தது, மேலே பார்த்தால் ஒன்றுமில்லை. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான இசக்கியம்மாள் மட்டும் ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கஞ்சியில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, “பொறவு என்னாச்சுக்கா?” என்றாள்.

மரியசெல்வத்துக்கு இதில் ஆச்சரியப்பட எதுவுமே தெரியவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. “இது என்ன புத்தகம்னு சொன்னே?” என்று கேட்டாள்.

“நாவல், மைனி.”

“நாவல்னா நெழலு தராம என்ன செய்யும்? எங்க அம்மை வீட்டு வாசல்லயும் ஒரு நாவல் நின்னுது. முப்பது பேரு படுக்கலாம்.”

அந்த விளக்கமே ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

கஞ்சி நேரம் முடிந்து பெண்கள் பாத்திக்கு இறங்கியபோது நிழலும் பதினொன்றாகப் பிரிந்து, ஆளுக்கொரு பாய் அகலத்துக்கு அவரவர் தலைக்கு மேலேயே கூடப் போயிற்று. சமையற்காரன் சீருக்கு என்ன செய்வானோ என்று யோசித்துக்கொண்டே வாரியவளுக்கு வேலை முடிகிற வரைக்கும் நிழல் நின்றது. வீட்டில் அரிசி இருக்கிறதா என்று யோசிக்கப் போனவளுக்கு அந்த நிமிஷமே விலகி, மறுபடி கதைக்குத் திரும்பியதும் திரும்ப வந்து நின்றது. தங்கபுஷ்பத்தின் தலைமேல் மட்டும் ஒன்றுமில்லை. பந்தியில் பரிமாறுகிறவன் கடைசியில்தானே சாப்பிட வேண்டும், வாசிக்கிறவளுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அவளும் அப்படியே சொல்லிக்கொண்டாள்.

ஒரு வாரத்துக்குள் பொன்னுலிங்கத்தின் மேசை காலியாயிற்று. கூரையில்லாத பஸ் நிறுத்தத்தில் ஒற்றன் கதையை வாசித்தார்கள், நிழல் ஏழு குதிரை நீளத்துக்கு ரோட்டையும் தாண்டி விழுந்தது. ரேஷன் கடை வரிசையில் கொலைக் கதையை வாசித்தார்கள், அந்த நிழல் ஒரு இடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தாலும் வரிசை முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. ஆடுகள் வாசிக்கிற சத்தத்தைக் கேட்டதும் வந்து படுக்கக் கற்றுக்கொண்டன. ஒழுக்க நாவலைத் தலைமையாசிரியரே கோயில் வாசலில் ஒரு மணி நேரம் நின்று வாசித்தார். கைக்குட்டை அளவுக்கு ஒரு நிழல் வந்தது, அதில் ஒரு பூனை படுத்துக்கொண்டது. பொன்னுலிங்கம் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ‘எட்டுப் பேருக்குக் காணும்’, ‘கல்யாணப் பந்தலுக்கு ஆகும்’ என்று பென்சிலால் குறித்து வைத்தார்.

ரேஷன் வரிசையில்தான் நிழலின் குணமும் தெரிந்தது. கொலைக் கதை இருநூறாம் பக்கத்தைத் தாண்டி, பங்களாவில் விளக்கு அணைந்து, ஒருவரும் மூச்சு விடாமல் நின்ற நேரத்தில், புத்தகத்தை ஏற்கெனவே வீட்டில் வாசித்து முடித்திருந்த ஒரு மருமகள், தன்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போன ஓரகத்தியின் மேலுள்ள கோபத்தில், “தோட்டக்காரந்தான் கொன்னான், போங்க!” என்று கத்திவிட்டாள். கத்தியதுதான் தாமதம், வரிசையில் நின்ற அத்தனை பேர் தலையிலும் வெயில் தொப்பென்று விழுந்தது. அன்றிலிருந்து அந்த ஊரில் சண்டை என்றால் “முடிவச் சொல்லிருவேன் பாத்துக்கோ” என்பதே பெரிய மிரட்டலாயிற்று. அடுத்தது என்ன என்று தெரியாதவர்களுக்குத்தான் நிழல் என்பது குழந்தைகளுக்கும் தெரிந்துபோயிற்று.

உப்பளத்துக் கங்காணி ஆசீர்வாதத்துக்கோ வேறு கவலை. உப்பு விளைய வெயில் வேண்டும். பெண்கள் நிழலோடு இறங்குகிற பாத்திகளில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. முதலில் அவர் தன்மையாகத்தான் சொன்னார். “கதை வாசிக்கத நான் வேண்டாங்கல. கொஞ்சம் சுமாரான புத்தகமா பாத்து வாசிங்களேன்.”

சரி என்று ஒரு நாள் ஒழுக்க நாவலைக் கொண்டுவந்து வாசித்தார்கள். கைக்குட்டை நிழலைத் தண்ணீர்ப் பானைக்குக் கொடுத்துவிட்டு எல்லோரும் வெயிலில் உட்கார்ந்தார்கள். மறுநாள் மீண்டும் சமையற்காரன் வந்துவிட்டான். அதற்கு மறுநாள் ஆசீர்வாதம் வரப்பில் நின்று, “இனிமே அளத்துக்குள்ள புத்தகம் வரப்படாது. எனக்கு மேலயும் ஆளு இருக்காவ” என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் பெண்கள் நடுவில் நிறுத்திய கதையை நினைத்து நினைத்தே ஒப்பேற்றினார்கள், நிழல் தேய்ந்து முறத்தளவாயிற்று. மூன்றாம் நாள் மரியசெல்வம் உப்புப் பெட்டியோடு வரப்பில் ஏறும்போது கால் மடங்கி, பெட்டி ஒருபக்கம் அவள் ஒருபக்கமாக விழுந்தாள். உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது, வாய் என்னவோ உளறியது. ஆசீர்வாதம்தான் அவளைத் தன் மொபெட்டில் நடுவில் உட்காரவைத்து, இசக்கி பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறிய பிறகு அவள் கண் திறந்து அவரைத்தான் பார்த்தாள்.

“அண்ணாச்சி, அந்தச் சமையக்காரன் சீரு செஞ்சானா இல்லியா?”

அன்று சாயங்காலம் ஆசீர்வாதம் தங்கபுஷ்பத்தின் வீட்டு வாசலில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மொபெட்டை நிறுத்திவிட்டு, இறங்காமலே, “நாளைக்கிப் புத்தகத்த எடுத்துட்டு வா” என்று சொல்லிவிட்டுப் போனார். நிழல் விழுந்த பாத்திகளில் உப்பு நாலு நாள் பிந்தித்தான் விளைந்தது, ஆனால் விளைந்தபோது ஒவ்வொரு பரலும் கற்கண்டு போலப் பெரிதாக இருந்தது, வியாபாரிகள் அதையே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். மேலே உள்ள ஆட்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இசக்கியம்மாளுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்தில்தான் அந்தச் சந்தேகம் வந்தது. பொன்னுலிங்கம் அங்கே நின்று இரண்டு சகோதரிகளின் கதையை வாசித்துக்கொண்டிருந்தார், நிழல் அவருடைய வழுக்கைத் தலையிலும் விழுந்திருந்தது.

“ஐயா, நீங்க இத முன்னமே படிச்சதுதான?”

“மூணு தடவ படிச்சிருக்கேம்மா. எனக்குப் படிச்சது எதுவும் தங்காது. அது ஒரு பாக்கியம்” என்றார் அவர்.

அப்படியானால் வாசிக்கிறவளுக்கும் நிழல் உண்டு. அக்காவுக்கு மட்டும் ஏன் இல்லை? ஆசையை அடக்க முடியாமல் வீட்டிலேயே வாசித்துவிட்டு வருகிறாள் என்று இசக்கி முதலில் கோபப்பட்டாள். மறுநாள் கஞ்சி நேரத்தில் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கச்சான் காற்று ஒன்று வந்து புத்தகத்தின் முப்பது நாற்பது பக்கத்தைப் படபடவென்று புரட்டிப் போட்டது. தங்கபுஷ்பம் பக்கத்தைத் தேடவில்லை, ஒரு சொல்லும் தடுக்காமல் விட்ட இடத்திலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தாள், வெயில் அவள் முகத்தில் நேராக அடித்தது, இரண்டு கண்ணிலிருந்தும் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது, கதையிலோ அது சிரிக்கிற இடம்.

வேலை முடிந்து திரும்புகிற வழியில் இசக்கி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அக்கா, ஒனக்குக் கண்ணு தெரியலியா?”

“போட்டி கிறுக்கி. ராத்திரி தூங்கல, அதான்.”

“இது எத்தன வெரலு?”

தங்கபுஷ்பம் அந்த வெள்ளைக்குள் விரலைத் தேடினாள். தேடித் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சாயங்காலம் தெரியும் இசக்கி. அப்போ மூணு மட்டம் வாசிச்சு மனசுல ஏத்திக்கிடுவேன். வெயிலுல ஒண்ணும் தெரிய மாட்டேங்கு.”

“சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாவ. அது மட்டுமில்லட்டி.” கொஞ்ச நேரம் புத்தகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். “இருவத்தஞ்சு வருசமா அளத்துக்கு வாரேன். ‘புஷ்பத்த எங்க, புஷ்பம் வந்தாச்சா’ன்னு இந்த ஒரு மாசமாத்தான் கேக்காவ.”

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்த இசக்கி மறுநாள் விடிவதற்குள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். கஞ்சி நேரத்தில் ஆசீர்வாதமே மேட்டுக்கு வந்தார். தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள், கணக்கு முடிந்தது என்று நினைத்தாள். அவர் தன்னுடைய இடது கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார். அங்கேயும் அதே சவ்வு.

“எனக்கும் இருக்கு. கத்தின்னாப் பயம், அதான் போவல. வியாழக்கெழம கண்ணாஸ்பத்திரி வேன் வருது, நீ மொதல்ல போயிட்டு வந்து எப்பிடியிருக்குன்னு சொல்லு. ஒன் வாருபலகைய எவளும் தொட மாட்டா.”

“நான் போயிட்டா இவளுகளுக்கு நெழலு?”

கத்திரி முடிந்தும் வெயில் குறைந்திருக்கவில்லை. சமையற்காரன் அப்போதுதான் நிஜமான தாய்மாமன் வருகிற ரயிலுக்கு எதிரே வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தான்.

“நான் வாசிக்கேன்” என்றாள் இசக்கி.

“நீ மூணாங்கிளாஸுலா.”

“எழுத்து எனக்கும் தெரியும். கூடி வரத்தான் நேரமாவும்.”

தங்கபுஷ்பம் அன்று சாயங்காலம் புத்தகத்தை இசக்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். கொடுப்பதற்கு முன் அடுத்த அத்தியாயத்தைப் பிரித்துப் பார்க்கக் கை துடித்தது. பிரிக்கவில்லை. அது எதற்காக என்று அவளுக்கே தெரியவில்லை, ஒருவேளை இசக்கிக்கு என்று ஒன்றாவது முழுசாகப் போகட்டும் என்று நினைத்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் சவ்வை எடுத்தார்கள். முதலில் வலது கண், இடதுக்கு ஒரு மாதம் போகட்டும் என்று சொல்லி, கட்டுப் போட்டு, கறுப்புக் கண்ணாடி கொடுத்து, “வெயில்ல இறங்கவே கூடாது” என்று டாக்டரம்மா இரண்டு தரம் சொன்னார். தவசிமுத்து அடுப்பைப் பார்த்துக்கொண்டான், ரசத்தில் புளி அதிகம், அவள் குறை சொல்லவில்லை. அளத்திலிருந்து வருகிற செய்திதான் நன்றாக இல்லை. இசக்கி எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறாளாம், ஒரு வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துபோகிறதாம், நிழல் ஈயின் சிறகு போல வந்து வந்து போகிறதாம். மரியசெல்வம் சேலையைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம்.

ஐந்தாம் நாள் பத்தரை மணிக்குத் தங்கபுஷ்பம் குடையை எடுத்தாள். கட்டுக்கு மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் துண்டு, அதற்கு மேல் குடை என்று அவள் வரப்பில் வருவதைப் பார்த்து ஆசீர்வாதம் ஓடிவந்தார்.

“ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? கண்ணு அவிஞ்சிரும்!”

“கத கேட்டுட்டுப் போயிருதேன் அண்ணாச்சி.”

மேட்டில் அவளுக்கு இடம் விட்டார்கள். காற்று குடையைப் பிடுங்கியது, பிடிக்க முடியாமல் மடக்கி வைத்தாள். வெயில் துண்டைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, கட்டுக்குள் ஊசியாக இறங்கியது. ஆசீர்வாதம் தன் தலைத்துண்டை அவிழ்த்து இரு கையாலும் அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

இசக்கி விரலை வரியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“ர...யி...லி...ரயிலி...லிருந்து இற...ங்...கிய...”

பெண்கள் முனகினார்கள். இதற்கு மேல் கதை தங்கபுஷ்பத்துக்கும் தெரியாது, எடுத்துக்கொடுக்க அவளிடம் ஒரு சொல்லும் இல்லை; இருபத்தைந்து நாள் ஊருக்கெல்லாம் கதை சொன்னவள் இப்போது எல்லோரையும் போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள், இசக்கியின் வாயிலிருந்து ஒவ்வொரு எழுத்தும் தானியம் போல ஒன்றொன்றாக விழுந்தது.

“...இறங்கியவர்... தா...தாய்மா...மன் இல்லை.”

“பொறவு யாரு?” என்று தங்கபுஷ்பம் கத்திவிட்டாள். “யாருட்டி எறங்குனது?”

“இரு அக்கா, கூட்டணும்லா!”

மரியசெல்வம் முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ரயிலிலிருந்து இறங்கியது யாராக இருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், மாப்பிள்ளை என்றாள் ஒருத்தி, போலீஸ் என்றாள் ஒருத்தி, இசக்கி விரலை எடுக்காமல் அடுத்த எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆசீர்வாதத்துக்குக் கை வலித்துத் துண்டை இறக்கினார். இறக்கியும் தங்கபுஷ்பத்தின் முகம் வெயிலுக்கு வரவில்லை. உச்சந்தலையில் ஈரத்துணி போட்டது போல ஒரு குளிர்ச்சி இறங்கி, நெற்றிக்கு வந்து, கட்டுக்குள் இருந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டது. அவள் கையை நீட்டி நிழலின் ஓரம் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தாள். எட்டவில்லை. அது மேட்டைத் தாண்டி, அம்பாரத்தைத் தாண்டி, ஆறு பாத்திக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது.

கஞ்சி நேரம் முடிந்து விசில் ஊத வேண்டிய ஆசீர்வாதம் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

இசக்கிக்கு நெற்றி வேர்த்துவிட்டது. “நான் வாசிக்கது ரொம்ப மெதுவா இருக்கோக்கா?” என்றாள். “இந்தப் பக்கம் முடியவே நாளைக்கி ஆயிரும் போலுக்கே.”

“ஆவட்டும்” என்றாள் தங்கபுஷ்பம், துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு. “மெதுவாவே வாசி.”